மணியம் அண்ணையின்ரை ஆடும் என்ரை ஒப்படையும்

போன சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். இரண்டு பேரிட்டைக் கையெழுத்து வாங்கவேணும்.

நான் தொலைக்கல்வியிலை குற்றவியல் நீதியிலை முதுமாணிப் பட்டத்துக்குப் படிக்கிறன். உரும்பிராயிலை, குசினி மேசையிலை இருந்து, மகள் மத்தியானம் நித்திரை கொள்ளுற ஒண்டரை மணித்தியாலத்துக்குள்ளை உலகத்துக் குற்றம் எல்லாம் படிக்கிறன். ஊரிலை எனக்குப் 'பொலிசுக்குப் படிக்கிற பிள்ளை' எண்டு பேர். பொலிசுக்கு இல்லை எண்டு சொல்லிக் களைச்சுப்போய், இப்ப ஓம் எண்டே சொல்லிவிடுறன்.

இந்த முறை பாடத்துக்குச் செய்து அனுப்பவேண்டிய ஒப்படை ஒரு புது விதம். தண்டனை குடுக்காமல், பிழை விட்டவரையும் பாதிக்கப்பட்டவரையும் ஒரு இடத்திலை இருத்திக் கதைக்க வைச்சு, உடைஞ்சதை ஒட்டவேணும். ஊரிலை நடந்த சின்னப் பிணக்கு ஒண்டை எடுத்து உண்மையாய்ச் செய்துபாக்கச் சொன்னவை. இரண்டு பகுதியும் சம்மதப் படிவத்திலை கையெழுத்து வைக்கவேணும். திங்கட்கிழமை காலமை அனுப்பவேணும். மகளுக்குக் கொப்பளிப்பான் வந்து காய்ச்சலாய்க் கிடந்தபோது ஒருக்காத் தவணை கேட்டாச்சு. இனிமேல் தவணை இல்லை. தவறினால் அந்தப் பாடம் முழுக்க வாற வருசம் திரும்பப் படிக்கவேணும்.

பிணக்குக்கு நான் அலையேல்லை. எங்கடை பின்வளவு மணியம் அண்ணையின்ரை ஆடு, மூண்டு மாதத்துக்கு முதல் வேலியிலை கிடந்த ஓட்டைப் பொட்டுக்குள்ளாலை பூந்து, அடுத்த வளவு ராணி அக்காவின்ரை பயித்தங்கொடி முழுக்கத் திண்டது. அந்த நாளிலை இருந்து இரண்டு பேரும் கதைக்கிறேல்லை. கோயிலிலை திருநீறு வாங்கவும் ஆளுக்கொரு பக்கத்தாலைதான் வருவினம்.

பூ மாதிரி வேலை எண்டு நினைச்சன்.

காலமை முதல் மணியம் அண்ணையிட்டைப் போனன். தோட்டத்தாலை வந்து கால் கழுவிக்கொண்டு நிண்டார். கையைச் சாரத்திலை துடைச்சுப்போட்டுப் படிவத்தை வாங்கி, கையைத் தூர நீட்டி வைச்சு வாசிச்சார்.

"குற்றமிழைத்தவர்: சுப்பிரமணியம்." வாசிச்சவர் நிப்பாட்டினார். "ஆர் பிள்ளை உது?"

"நீங்கள்தான் அண்ணை."

"நானே பயித்தங்கொடி திண்டனான்?"

"இல்லை அண்ணை, ஆடு..."

"அப்ப ஆட்டின்ரை பேரைப் போடு."

"ஆட்டாலை கையெழுத்து வைக்க ஏலாது அண்ணை."

"என்னாலையும் ஏலாது."

பிறகு ஆறுதலாய் விளங்கப்படுத்தினார். "எங்கடை ஐயா ஒருக்கா, ஆரோ நீட்டின தாளிலை வாசிக்காமல் கையெழுத்து வைச்சவர். கிணத்துப் பங்கு கைவிட்டுப் போட்டுது. சாகேக்கை எனக்கு ஒண்டுதான் சொன்னவர். ஆர் தாள் நீட்டினாலும் தேத்தண்ணியைக் குடுத்து அனுப்பிப்போடு எண்டு."

படிவத்தைத் திருப்பித் தந்துபோட்டுக் கேட்டார். "தேத்தண்ணி குடிக்கிறியோ பிள்ளை?"

குடிச்சன். அடுத்தது ராணி அக்கா. அவ தையல் மெசினிலை இருந்தபடியே கேட்டா.

"அவர் கையெழுத்து வைச்சவரோ?"

"இன்னும் இல்லை அக்கா."

"அப்ப நான் ஏன் முந்துறன்? கொடி போனதும் எனக்கு, கையெழுத்தும் நானோ?"

"பயப்பிடாதேங்கோ அக்கா, உங்கடை பேர் வெளியிலை வராது. ஒப்படையிலை மாலதி எண்டு மாத்திப் போடுவன்."

மெசின் நிண்டுது.

"மூண்டு மாதமாய் மனவருத்தம் எனக்கு. பேர் வேறை எவளோ மாலதிக்கோ? என்ரை பேரைப் போடு. தகப்பன்ரை பேரையும் சேர்த்துப் போடு."

கொடி எத்தினை எண்டு கேட்டன். முதல் பன்னிரண்டு எண்டா. நான் வெளிக்கிடேக்கை நாப்பதாய்ப் போச்சு.

வீட்டை வந்து எல்லாத்தையும் கொப்பியிலை எழுதினன். கள ஆய்வுக் குறிப்பை ஒளிவுமறைவில்லாமல் எழுதவேணும் எண்டு விரிவுரையாளர் சொல்லியிருந்தார். நான் சொல்வழி கேக்கிற மாணவி.

பின்னேரம் நாலு மணிக்கு இரண்டு பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டன். கையெழுத்து எண்டு சொல்லேல்லை, உழுந்து வடை எண்டுதான் சொன்னன். முற்றத்திலை மூண்டு கதிரையை வட்டமாய்ப் போட்டன். என்ரை மனுசன் அதைப் பார்த்தார்.

"ஆர் ஆர் வருகினம்?"

சொன்னன்.

"நான் கடைக்குப் போட்டுவாறன்." ஆபத்து எண்டால் அவருக்குக் கடையிலை ஏதாவது வாங்கக் கிடக்கும்.

இரண்டு பேரும் வந்தினம். வந்த உடனை கதிரையைத் திருப்பி, ஒருத்தர் கிணத்தைப் பார்க்க, ஒருத்தர் வாசல் படலையைப் பார்க்க இருந்தினம். என்ரை வட்டம் அதோடை சரி.

அந்த முறையிலை ஒரு விதி இருக்கு. ஒரு பொருளைக் கைமாத்திக் கைமாத்திக் குடுக்கவேணும். பொருள் வைச்சிருக்கிறவர் மட்டும் கதைக்கலாம், மற்றவர் கேக்கவேணும். சங்கு மாதிரி ஏதும் வடிவான பொருள் எண்டு புத்தகத்திலை கிடந்தது. என்ரை கையிலை அகப்பட்டது மகளின்ரை மஞ்சள் ரப்பர் வாத்து.

ராணி அக்கா வாத்தை வாங்கினா. அமத்தினால் கீச்சிடும் எண்டு சொல்ல மறந்துபோனன்.

"நாப்பது கொடி." கீச். "பிள்ளை மாதிரி வளர்த்தனான்." கீச். "ஒரு சொல்லு, ஒரே ஒரு சொல்லு, மன்னிச்சுக்கொள் எண்டு கேட்டவரோ இந்த மனுசன்?" கீச், கீச்.

கால் மணித்தியாலம் போச்சு. வாத்து மணியம் அண்ணைக்கு வந்தது. அவர் அதை மடியிலை வைச்சு, இரண்டு கையாலையும் பொத்திப் பிடிச்சார். கதைக்கச் சொன்னன்.

"இதைப் பிடிச்சுக்கொண்டு என்னெண்டு பிள்ளை கதைக்கிறது? றோட்டாலை ஆக்கள் போகினம்."

அந்த நேரம் பார்த்து மகள் எழும்பிவந்தாள். தன்ரை வாத்தை மணியம் அண்ணையின்ரை கையிலை கண்டாள். அந்தப் பின்னேரத்திலை உண்மையாய்ப் பாதிக்கப்பட்ட ஒரே ஆள் அவள்தான் எண்ட மாதிரி ஒரு அழுகை. வாத்தையும் வாங்கி, அவளையும் தூக்கிக்கொண்டு உள்ளை போய், முகம் கழுவி, பால் குடுத்துத் தேத்திப்போட்டு வர ஒரு பத்து நிமிசம்.

முற்றத்திலை சண்டைச் சத்தம் இல்லை. ஒரே ஒரு குரல்தான் கேட்டது. சரி, மணியம் அண்ணை மனம் திறந்திட்டார் எண்டு நினைச்சன்.

எட்டிப் பார்த்தன். இரண்டு கதிரையும் பக்கத்திலை பக்கத்திலை கிடந்தது. நடுவிலை வடைத் தட்டு. மணியம் அண்ணையின்ரை கையிலை, நான் கதிரையிலை விட்டுப்போட்டுப் போன என்ரை கொப்பி. ராணி அக்கா கண்ணாடி கொண்டுவரேல்லை. அதாலை அவர் வாசிக்க, அவ கேட்டுக்கொண்டிருந்தா.

"ராணி அக்கா சொல்லுறதை மூண்டாலை பிரிச்சுத்தான் எடுக்கவேணும்," எண்டு வாசிச்சார்.

"மற்றப் பக்கத்திலை என்ன கிடக்கு?"

"மணியம் அண்ணைக்குப் பிடிவாதம் கூட. ஆட்டோடை கதைச்சாலும் ஒரு முடிவு வரும்."

"உங்களையோ அப்பிடி எழுதினவள்?"

"உங்களை எழுதினதுதான் பெரிய அநியாயம். நாப்பது எண்டால் நாப்பதாய்த்தானே இருக்கும்?"

மூண்டு மாதத்திலை இரண்டு பேரும் கதைச்ச முதல் கதை. நான் வாசல் நிலையோடை ஒட்டிக்கொண்டு நிண்டன்.

"வா பிள்ளை," எண்டா ராணி அக்கா. "இரு."

மிச்சம் கிடந்த கதிரை அவையளுக்கு நேர் எதிரை கிடந்தது. இருந்தன். கையிலை வாத்துக்கூட இல்லை.

"நம்பித்தானே உன்னோடை கதைச்சனாங்கள்," எண்டார் மணியம் அண்ணை. குரலை உயர்த்தேல்லை. கத்தியிருந்தாலும் பரவாயில்லை.

"பிழைதான் அண்ணை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா." உண்மையாய்த்தான் சொன்னன். ஒப்படையே மறந்துபோச்சு.

ஆனால் மணியம் அண்ணை மறக்கேல்லை. "எங்கை உன்ரை அந்தத் தாள்?"

கொண்டுவந்து குடுத்தன். வரிக்கு வரி வாசிச்சார். பேனை கேட்டார். குற்றமிழைத்தவர் எண்ட இடத்திலை சுப்பிரமணியத்தை வெட்டி, மேலை சுகந்தி எண்டு என்ரை பேரை எழுதினார். பாதிக்கப்பட்டவருக்கு ஒரு கோடுதான் கிடந்தது. இரண்டு பேரும் நெருக்கிப் பிடிச்சு அதிலையே கையெழுத்து வைச்சினம். ராணி அக்கா தகப்பன்ரை பேரையும் எழுதினா.

"ஐயா சொன்னது, அண்ணை?" எண்டு கேட்டன்.

"வாசிச்சுப்போட்டுத்தானே வைச்சனான்."

பரிகாரம் எண்ட பகுதியையும் விடேல்லை. நான் ஒரு மாதத்துக்கு ராணி அக்காவின்ரை புதுப் பயித்தங்கொடிக்குத் தண்ணி ஊத்தவேணும், மணியம் அண்ணையின்ரை ஆட்டுக்குக் குழை ஒடிச்சுப் போடவேணும். வேலிப் பொட்டைத் தான் அடைக்கிறன் எண்டார் மணியம் அண்ணை, ஒருத்தரும் கேக்காமலே. மிச்ச வடையைப் பேப்பரிலை சுத்திக்கொண்டு, இரண்டு பேரும் ஒரே படலையாலை வெளிக்கிட்டினம். போகேக்கை என்ரை வளர்ப்பைப் பற்றித்தான் கதைச்சுக்கொண்டு போனவை.

நடந்ததை நடந்தபடியே எழுதித் திங்கட்கிழமை காலமை அனுப்பினன். வேறை வழி இல்லை, கையெழுத்து அப்பிடித்தானே கிடக்கு.

நேற்று மறுமொழி வந்தது. ஒப்படையிலை சித்தியடைஞ்சிட்டன். கீழை விரிவுரையாளர் ஒரு வரி எழுதியிருந்தார்: "குற்றமிழைத்தவரின் மனவருத்தம் உண்மையானதாகத் தெரிகிறது."

பின்னேரம் குழைக்கட்டோடை போனன். ஆடு அசைபோட்டுக்கொண்டு என்னைப் பார்த்தது. இவ்வளவு தாளிலையும் பேர் வராத ஒரே ஆள் அதுதான்.