கொள்ளையோடு ஒரு யாத்திரை

"தெரியாது" என்ற சொல் நீண்ட காலமாக என் வாயில் வந்ததே இல்லை. யாராவது வழி கேட்டால், நான் கால் வைக்காத தெருவுக்கும் வழி சொல்லி அனுப்புவேன். (மனைவி ஜெசிந்தா சொல்வது: "இந்த மனுசனிட்ட நிலாவுக்கு எந்த பஸ் போகுது எண்டு கேட்டாலும் நம்பர் சொல்லும்.") இந்தக் குணத்தினால் தொண்ணூறு தமிழர்களையும் ஒரு மாதா சொரூபத்தையும் ஆயுதம் தாங்கிய கொள்ளையரிடம் நானே கொண்டுபோய் ஒப்படைத்தேன். அதைப் பற்றித்தான் இது.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் எனக்கு வேலை. மன்னாரிலிருந்து வந்து பதினைந்து வருடம் ஆகியிருந்தது. எங்கள் ஆட்களில் யாருக்காவது அரசாங்கக் கடிதம் வந்தால் முதலில் என் வீட்டு மணிதான் அடிக்கும். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நெற்றியைச் சுருக்கி, "ஓம், இது சின்ன விசயம்" என்பேன். கடிதத்தில் பாதி விளங்கும். மற்றப் பாதியை நானே யோசித்து நிரப்புவேன். எத்தனை அன்ட்ராக் என்கிற விண்ணப்பம், எத்தனை போம்! ஒன்றும் பெரிய பிழையாகப் போனதில்லை. போயிருந்தால் நான் முன்னமே திருந்தியிருப்பேன்.

சனிக்கிழமைகளில் எனக்கு இன்னொரு வாழ்க்கை இருந்தது. தொழிற்சாலையில் கூட வேலை செய்த மான்ஃப்ரெட் என்பவர் பழைய நீராவி ரயில்களைக் காப்பாற்றும் சங்கம் ஒன்றில் இருந்தார். வுப்பர்டாலுக்கு அப்பால் ஒரு கிளைப் பாதையில் அவர்களுடைய கொட்டகை. அதற்குள் ஒரு கறுத்த என்ஜின் நின்றது. யுத்த காலத்தில் அமெரிக்காவில் செய்து, கப்பலில் ஐரோப்பாவுக்கு அனுப்பி, யுத்தம் முடிந்ததும் அப்படியே கைவிடப்பட்ட என்ஜின். நாடு நாடாகக் கைமாறி, கடைசியில் பற்றை மூடிக் கிடந்தவளை ஓய்வுபெற்றவர்கள் சிலர் மீட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். அவளை எல்லோரும் "அமெரிக்கக்காரி" என்பார்கள். ஜேர்மன் ஸ்பானர் ஒன்றும் அவளுக்குப் பொருந்தாது. அவளுடைய ஆணியும் திருகும் எல்லாம் அங்குலக் கணக்கு. பிறந்த நாட்டுக் கடிதாசியும் சரியாக இல்லை. முதல் நாளே எனக்கு அவளோடு ஒரு சொந்தம் வந்துவிட்டது.

எனக்குத் தந்த வேலை, நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் பின்வண்டிக்குள் இறங்கித் துருச் சுரண்டுவது. இரண்டு குளிர்காலம் சுரண்டினேன். கோயிலில் மட்டும், "நான் ரயில் ஓடுறன்" என்று சொல்லி வைத்திருந்தேன்.

அந்த வருடம் எங்கள் கத்தோலிக்கப் பங்கின் மாதா கோயில் யாத்திரைக்கு பஸ் கிடைக்கவில்லை. கூட்டத்தில் ஃபாதர் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார். நான் எழும்பினேன்.

"ஃபாதர், பஸ் என்னத்துக்கு? நான் ரயில் கொண்டுவாறன்."

"ரயிலா? என்னெண்டு அன்ரன்?"

"அது என்ர பொறுப்பு. நீராவி ரயில். கோயில் இருக்கிற ஊர் வரைக்கும் எங்கட பாதை போகுது."

எல்லோரும் கைதட்டினார்கள். பங்கின் மூத்தவர் சவிரியண்ணை என் முதுகில் தட்டி, "உன்னைப்போல நாலு பேர் இருந்தாக் காணும்" என்றார். எனக்கு நிமிர்ந்த நெஞ்சு அன்றிரவு முழுக்க இறங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை சங்கத்தில் முன்பதிவுப் போம் தந்தார்கள். எத்தனை பேர், எத்தனை பெட்டி, கோப்பி வேண்டுமா, சக்கர நாற்காலி உண்டா என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசிக் கட்டம்: "மிட் ஊபர்ஃபால்." அதாவது ஊபர்ஃபாலுடன். ஆம், இல்லை.

அந்தச் சொல்லை நான் கண்டதே இல்லை. ஆனால் "உன்ஃபால்" தெரியும், விபத்து. "ஊபர்" என்றால் மேலே. ஆக, சாதாரண விபத்துக்கு மேலான பெரிய விபத்து. அதற்கான முழுக் காப்புறுதி! என் மூளை வேலை செய்த வேகத்தை நினைத்து எனக்கே பெருமை. அந்தச் சொல்லுக்கு உண்மையான பொருளை நீங்கள் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள், எனக்கு ஆறு வாரம் கழித்துத்தான் தெரிந்தது: கொள்ளைத் தாக்குதல். என்ஜின் அமெரிக்கக்காரி என்பதால், அந்தப் பக்கத்தில் கௌபாய் வேடம் போடுகிற கழகம் ஒன்று ஞாயிற்றுக்கிழமைகளில் குதிரையில் வந்து ரயிலை மறித்து நாடகம் நடத்தும். பிறந்தநாள் கொண்டாட ரயில் எடுப்பவர்கள் விரும்பிக் கேட்பார்களாம்.

நான் "ஆம்" என்று குறியிட்டேன். மான்ஃப்ரெட் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஊபர்ஃபாலுமா? யாத்திரைக்காரருக்கா?"

"கட்டாயம்! எங்கட சனத்துக்கு அதுதான் முக்கியம். அவ்வளவு கஷ்டம் கண்டு வந்தவர்கள்."

மான்ஃப்ரெட் போமை வாங்கி மடித்தார். "துணிச்சலான மனிதர்கள்" என்றார். நான் பணிவாகத் தலையசைத்தேன். மாலையில் ஃபாதருக்கு போன் எடுத்து, "ஊபர்ஃபாலும் போட்டாச்சு ஃபாதர், இனிப் பயமில்லை" என்றும் சொன்னேன். தமிழ்நாட்டில் படித்துவிட்டு அப்போதுதான் ஜேர்மனிக்கு வந்திருந்த ஃபாதர், "நன்றி அன்ரன்" என்றார், பாவம்.

யாத்திரை ஞாயிறு வந்தது. நல்ல வெயில். பெண்கள் பட்டுச் சேலை, பிள்ளைகள் வெள்ளைச் சட்டை, பெரிய சட்டிகளில் ரோல்ஸும் கட்லெட்டும். மாதா சொரூபத்தை ஒரு மரப்பெட்டியில் வைத்துப் போர்வை சுற்றிக் கொண்டுவந்தார்கள். பொதிகள் ஏற்றும் பெட்டியில் ஏற்கனவே ஒரு பழைய மரப்பெட்டி கிடந்தது. ஏதோ ஸ்பானர், சுத்தியல் வைக்கிற பெட்டி, இடைஞ்சல் என்று நினைத்து அதை நானே இறக்கி மேடையில் ஓரமாக வைத்துவிட்டு, அந்த இடத்தில் மாதாவை வைத்தேன்.

பிறகு என்ஜினில் ஏறினேன். மான்ஃப்ரெட் ஓட்டினார். நான் ஒரு துணியைக் கையில் வைத்துக்கொண்டு, மேடையில் நின்ற எல்லோருக்கும் தெரியும்படியாக, ஏற்கனவே துடைத்திருந்த பித்தளைக் குழாயைத் திரும்பத் துடைத்தேன். ஜெசிந்தா புது டிஜிட்டல் கமராவில் படம் எடுத்தாள். அமெரிக்கக்காரியின் மணியை அடிக்க மான்ஃப்ரெட் எனக்கு அனுமதி தந்தார். நான் அடித்த அடியில் மேடையில் நின்ற ஒரு நாய் படுத்துவிட்டது.

அரை மணி நேரம் அற்புதமாகப் போனது. பின்னால் மூன்று பெட்டியிலும் செபமாலை சொல்லும் குரல், முன்னால் புகை, இருபக்கமும் சோளம். ஒரு வளைவு வந்ததும் மான்ஃப்ரெட் வேகத்தைக் குறைத்தார். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"இப்ப உன்ர ஊபர்ஃபால் வருது."

"தேவைப்படாமல் இருந்தால் நல்லது" என்றேன் நான்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஏன் சிரிக்கிறார் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சோளத்துக்குள் இருந்து ஏழு குதிரைகள் வெளியே வந்தன. மேலே முகமூடி கட்டிய ஏழு பேர். கையில் துவக்கு. வானத்தை நோக்கிப் படார் படார் என்று சுட்டார்கள்.

அந்த நேரத்தில் ஒரு குடும்பஸ்தன், ஒரு பங்கின் நம்பிக்கைக்குரிய ஆள், என்ன செய்திருக்க வேண்டும்? நான் நிலக்கரிக்குள் பாய்ந்தேன். இரண்டு கையாலும் கரியை அள்ளித் தலைமேல் போட்டுக்கொண்டேன். மனைவி பெட்டிக்குள் இருக்கிறாள் என்ற நினைவு எனக்கு வந்தது. (வந்தது என்பதை ஜெசிந்தா இன்றுவரை நம்பவில்லை.)

பெட்டிகளுக்குள் நடந்ததைப் பிறகு அவள்தான் சொன்னாள். முதல் வெடிக்கே தொண்ணூறு பேரில் பெரியவர்கள் அத்தனை பேரும் நிலத்தில் படுத்துவிட்டார்களாம். கத்தல் இல்லை, குழப்பம் இல்லை. எழுபது வயதுக்காரர்கூட ஒரே அசைவில் சீற்றுக்குக் கீழே. பட்டுச் சேலைகள் அப்படியே தரையில். ஜேர்மனியில் பிறந்த பிள்ளைகள் மட்டும் சீற்றில் ஏறி நின்று, "கௌபாய்! கௌபாய்!" என்று துள்ளினார்கள். பெற்றோர் கீழிருந்து அவர்களுடைய காலைப் பிடித்து இழுத்தார்கள்.

கொள்ளைத் தலைவன் கதவைத் திறந்து உள்ளே பாய்ந்து, "கையைத் தூக்குங்கள்!" என்று கத்தினான். தூக்குவதற்கு ஒரு கை தெரியவில்லை. காலிச் சீற்றுகளும், துள்ளுகிற பிள்ளைகளும், தரை நிறையத் தமிழரும். அவன் அப்படியே நின்றுவிட்டான். அந்த அமைதியில் சீற்றுக்குக் கீழே இருந்து சவிரியண்ணையின் குரல் மெதுவாகக் கேட்டது:

"தம்பி, இவங்கள் எந்த இயக்கம்? தொப்பியைப் பாத்து ஒண்டும் பிடிபடேல்லை."

ஒரு மூலையில் யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னொருவர். மாதர் சங்கத் தலைவி பிலோமினா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவ எழும்பி, சேலையைத் தட்டி, கையிலிருந்த குடையால் கொள்ளையனின் தொப்பியில் ஓங்கி ஒன்று வைத்தா.

"ஆரடா நீ? செபமாலை சொல்லேக்க சுடுறியோ? கழட்டடா முகமூடியை!"

தமிழில்தான் சொன்னா. அவனுக்கு முழுவதும் விளங்கிவிட்டது. முகமூடியைக் கழற்றினான். சிவந்த முகத்தோடு ஒரு நடுவயது மனிதர். பெயர் ஊவே, பக்கத்து ஊரில் பாண், கேக் சுடுகிற வெதுப்பகம் வைத்திருக்கிறார். தரையில் கிடந்தவர்களைப் பார்த்ததும் அவருக்கு விசயம் விளங்கியிருக்கிறது. குந்தியிருந்து ஒவ்வொருவராகக் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். கண் கலங்கியிருந்தார் என்று ஜெசிந்தா சொன்னாள். பிலோமினா அக்கா அவருக்கு ஒரு ரோல்ஸ் கொடுத்தா.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் மற்ற ஆறு கொள்ளையருக்கு உள்ளே நடந்தது தெரியாது. அவர்கள் வழக்கம்போல் பொதிப் பெட்டிக்குப் போய், அங்கிருந்த மரப்பெட்டியை, நாடகத்துக்கு வைத்த தங்கப் பெட்டி என்று, தூக்கி, சோளத்துக்குள் நின்ற தங்கள் குதிரை வண்டியில் போட்டுக்கொண்டு மறைந்துவிட்டார்கள். உண்மையான தங்கப் பெட்டியை நான்தான் காலையில் மேடையில் இறக்கி வைத்திருந்தேனே.

"மாதாவைக் காணேல்லை!" என்ற சத்தம் கேட்டுத்தான் நான் கரிக்குள் இருந்து எழும்பினேன். மான்ஃப்ரெட் என்னைக் கண்டு அலறினார். விசயத்தைச் சொன்னதும் அமெரிக்கக்காரியை அவர் விரட்டிய விரட்டலை அவள் யுத்த காலத்திலும் கண்டிருக்க மாட்டாள்.

அடுத்த நிலையத்தில் நாடகத்தின் முடிவைப் பார்க்க ஊரே கூடியிருந்தது. வாத்தியக் குழு, சொசேஜ் கடை, நட்சத்திரம் குத்திய ஷெரிஃப். நாங்கள் வந்து சேர்ந்தபோது, குறுக்கு வழியால் முந்தி வந்திருந்த ஆறு கொள்ளையரையும் ஷெரிஃப் சுட்டு முடித்திருந்தார். அவர்கள் மேடையில் செத்துக் கிடந்தார்கள். ஷெரிஃப் ஒலிபெருக்கியில், "இதோ, மீட்கப்பட்ட தங்கம்!" என்று கூவ, வாத்தியம் முழங்க, பெட்டி திறந்தது.

உள்ளே நீலப் பட்டும் மல்லிகை மாலையுமாக மாதா.

வாத்தியம் ஒவ்வொன்றாக நின்றது. கடைசியில் ஒரு மேளக்காரர் மட்டும் கவனிக்காமல் அடித்துக்கொண்டிருந்தார், பிறகு அவரும் நிறுத்தினார். செத்துக் கிடந்த ஒருவன் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டான். எங்கள் ஆட்கள் இறங்கி வந்து மேடையிலேயே முழங்காலில் நின்றார்கள்.

ஃபாதர் மட்டும் நின்றபடி கேட்டார்: "இதை யார் ஏற்பாடு செய்தது?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. ஃபாதர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "நீ யார் தம்பி?" என்றார்.

"அன்ரன், ஃபாதர்." பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக அந்தச் சொல்லும் வாயிலிருந்து விழுந்தது. "அந்தப் போமில இருந்த ஒரு சொல்லு எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் ஓம் எண்டு போட்டனான்."

ஃபாதரின் தோள் குலுங்கத் தொடங்கியது. சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதி. ஆனால் சவிரியண்ணை எழும்பி என் முன்னால் வந்தார்.

"அப்ப என்ர பென்சன் போமில நீ என்னத்தை எழுதினனீ?"

சுற்றி நின்ற தொண்ணூறு பேரும் தங்கள் தங்கள் போமை நினைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. சில பெண்கள் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

என்னைக் காப்பாற்றியது ஊவேதான். "கோயில் வரை இரண்டு கிலோமீட்டர், மாதா நடக்கக் கூடாது" என்று தன் வண்டியைக் கொண்டுவந்தார். மாதா குதிரை வண்டியில் ஏறினா. இருபக்கமும் தொப்பியைக் கையில் பிடித்தபடி கொள்ளையர், பின்னால் பாடிக்கொண்டு நாங்கள், எங்களுக்குப் பின்னால் வாத்தியக் குழு. கோயில் வாசலில் வரவேற்க நின்ற ஜேர்மன் பாதிரியார் கையிலிருந்த தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார். "இலங்கையர் என்று மட்டும்தான் இதில் எழுதியிருக்கிறது" என்றார்.

அதன் பிறகு எங்கள் ஆட்கள் கடிதங்களைப் பிலோமினா அக்காவின் மகளிடம் கொண்டுபோகத் தொடங்கினார்கள். நான் பின்வண்டிக்குள் துருச் சுரண்டத் திரும்பிப் போனேன். ஊவேயும் அவர் ஆட்களும் ஒவ்வொரு வருடமும் யாத்திரைக்கு வருகிறார்கள், துவக்கு இல்லாமல், பாண் பைகளோடு. அடுத்த வைகாசியில் எங்களுக்கு மகள் பிறந்தபோது, ஞானத்தகப்பனாக ஊவேதான் வேண்டும் என்று ஜெசிந்தா பிடிவாதமாக நின்றாள். "சண்டையில ஆர் ஒளிச்சது, ஆர் வந்து கை குடுத்தது எண்டு எனக்குத் தெரியும்" என்றாள்.

மகள் பாலர் பள்ளிக்குப் போன முதல் மாதமே எங்களை நாளும் நேரமும் குறித்து டெர்மின் போட்டுக் கூப்பிட்டார்கள். ஆசிரியை தயங்கித் தயங்கித்தான் தொடங்கினார். குடும்பத்தாரின் தொழில்களைப் பற்றிப் பிள்ளைகளிடம் கேட்டாராம். எங்கள் மகள் எழும்பி நின்று, தன்னுடைய ஞானத்தகப்பன் ரயில் கொள்ளைக்காரன் என்று சொன்னாளாம்.

"பிள்ளையின் கற்பனைதானே?" என்று ஆசிரியை ஜெசிந்தாவைப் பார்த்துக் கேட்டார்.

"இல்லை" என்றாள் ஜெசிந்தா. "ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான்."