கடைசிப் பதினான்கு பக்கங்கள்

செவ்வாய்க்கிழமை பகல் மூன்று பத்துக்கு, வேதியியல் பேராசிரியர் கல்லூரி நூலகத்தில் தன் நாவலைத் திறந்து தேதிச் சீட்டைப் பார்த்தார். ஒன்பது முத்திரைகள். எல்லாம் இந்த மாதத்தவை.

வருடத்தில் பத்துப் பேராவது எடுக்காத புத்தகத்தை நூலகம் கழித்துவிடும். கணக்கு வெள்ளிக்கிழமை முடிகிறது. இன்னும் ஒருவர் போதும்.

அவர் எழுதியது அது ஒன்றுதான். கல்லூரி விடுதியின் சமையல்காரர் கொலையைப் பற்றிய நகைச்சுவைத் துப்பறியும் கதை. பதினோரு வருட உழைப்பு. இதுவரை யாரும் சிரித்ததாகத் தகவல் இல்லை.

கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். அது இல்லை. கடைசி அத்தியாயம் முழுவதையும், பதினான்கு பக்கங்களை, யாரோ அளவுகோல் வைத்துக் கிழித்திருந்தார்கள்.

"பாவிங்க! ஒன்பது பேரும் முடிவு தெரியாம தவிச்சிருப்பாங்களே!"

"மெதுவா பேசுங்க சார்," என்றார் நூலக உதவியாளர் அம்மாள்.

வீட்டுப் பிரதியிலிருந்து நகலெடுத்து ஒட்டினார். பசை வழிந்தது. மறுநாள் முடிவு மட்டும் திறந்தது. மற்ற நூற்றெண்பது பக்கங்களும் செங்கல்லாகியிருந்தன.

வீட்டுப் பிரதியையே எடுத்துக்கொண்டு கிளம்பினார். மனைவி வாசலில் மறித்தாள்.

"அது என்னோடது. முதல் பக்கத்துல எனக்குன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க."

"நீ இன்னும் படிக்கவே இல்லையேம்மா."

"அதுக்காக? என்னோடது என்னோடதுதான்."

முதல் பக்கத்தைக் கிழித்து அவளிடம் கொடுத்தார். அவள் வழிவிட்டாள்.

தேதிச் சீட்டை உரித்து இந்தப் பிரதியில் ஒட்டி, அலமாரியில் வைத்தார். வியாழன் காலை ஒரு மாணவன் வந்தான். நின்றபடியே கடைசி அத்தியாயத்தைப் படித்தான். புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்தான்.

தூணுக்குப் பின்னாலிருந்து பேராசிரியர் வந்தார். "என்னப்பா, எடுக்கலையா?"

"அப்ப யாருமே கொல்லலையா சார்?"

"மாரடைப்பு. அறிவியல்படி ரொம்பச் சரி."

"சரிங்க சார்."

"எப்படி இருந்துச்சு?"

அவன் யோசித்தான். "எழுத்து பெருசா இருக்கு சார். கண்ணு வலிக்கல."

அவன் கேன்டீன் பக்கம் போனான். பிறகு யாரும் வரவில்லை.

வெள்ளி மாலை நாலரை. உதவியாளர் அம்மாள் கழித்த புத்தகங்களை அடுக்கிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். மேலே அவருடைய நாவல்.

"கிழிச்சது யாருன்னு மட்டும் தெரிஞ்சா போதும்மா. இவ்வளவுக்கும் அவன்தான் காரணம்."

அம்மாள் மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஓர் அளவுகோல். அதன் கீழே பதினான்கு பக்கங்கள், கசங்காமல்.

"அந்த ஒன்பது பேர் வந்தாங்களே, அதுக்கும் நான்தான் சார் காரணம். கொன்னது யாருன்னு கேன்டீன்ல தினமும் பசங்களுக்குள்ள அடிதடி, நீங்க ஒட்டற வரைக்கும். பூட்டறதுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கு. மறுபடியும் கிழிச்சிடட்டுமா சார்?"