மூடி அண்ணனும் என் தலையணையும்

பெங்களூரில் காற்றைச் சந்தேகப்பட்ட ஒரே மனிதர் மூடி அண்ணன்தான். நாங்களெல்லாம் டிராஃபிக்கையும் டீம் லீடரையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த காலம்.

எலெக்ட்ரானிக் சிட்டி பி.ஜி. விடுதியில் எனக்குப் பக்கத்து அறை. ஏதோ ஓர் ஆய்வுக்கூடத்தில் பூஞ்சை பார்க்கிற வேலை. கடல்பாசி ஜெல்லி ஊற்றிய சின்னக் கண்ணாடித் தட்டை மூடி திறந்து கால்மணி நேரம் வைப்பார். காற்றில் மிதக்கிற பூஞ்சை வித்துகள் அதில் விழுமாம். பிறகு மூடிவிடுவார்; அதனால்தான் மூடி அண்ணன். நாலு நாளில் பச்சையும் கறுப்புமாக முளைத்து நிற்கும். கம்பெனி கேப் வண்டியில் மடியில் தட்டு, சாப்பாட்டு ஹாலில் சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் தட்டு. ஒருநாள் சமையல்காரர் ஸ்வீட் என்று நினைத்து ஸ்பூனோடு வந்துவிட்டார்.

ஒரு தட்டைக் காட்டி அவர் சொன்ன நீளமான பெயரைப் பாடுபட்டு மனப்பாடம் செய்து, அடுத்த வாரம் பெருமையாக ஒப்பித்தேன்.

"அது பழைய பேரு தம்பி. மாத்திட்டாங்க."

"ஏண்ணா?"

"முன்னாடி உருவத்தப் பாத்துப் பேர் வெச்சாங்க. இப்ப டி.என்.ஏ. பாக்கறாங்க. ஒரே மாதிரி இருக்கற ரெண்டு பேரு சொந்தமே இல்ல. மூஞ்சி ஒட்டவே ஒட்டாத ரெண்டு பேரு அண்ணன் தம்பி."

"அப்ப இது யாரு?"

"அதான் தெரியல!" என்றார், லாட்டரி விழுந்தவர் போல. எனக்குத் தலை சுற்றியது.

அந்த மழைக்காலத்தில் எனக்கு இருமல் பிடித்தது. மருந்துக்கு அடங்கவில்லை. ஊருக்கே போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். பி.ஜி. முழுக்க மூடி அண்ணன் தட்டுகளைத்தான் திட்டியது. ஓனர் ஆன்ட்டி தீர்ப்பே சொல்லிவிட்டார்: "ஏனப்பா இது, வீடா, குப்பைத்தொட்டியா? ஞாயித்துக்கெழமைக்குள்ள ரூம காலி பண்ணு!"

"பண்றேன் ஆன்ட்டி. அதுக்கு முன்னாடி என் ரூம்லயும் தம்பி ரூம்லயும் தட்டு வெச்சுப் பாத்துடறேன்."

ஞாயிறு காலை தட்டுகளை வாங்கிப் பார்த்தேன். அவர் அறைத் தட்டில் இரண்டே புள்ளி. என் ஜன்னலோரத் தட்டில் மூன்று. என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்த தட்டில் ஒரு காடு.

அது பத்தாவது படிக்கும்போது அம்மா தைத்துக் கொடுத்த இலவம்பஞ்சுத் தலையணை. அதைக் கட்டிக்கொண்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். மூடி அண்ணனுக்கும் அது தெரியும்.

ஆன்ட்டி வந்து நின்றார். "சொல்லுப்பா, எங்கேருந்து வருது இருமல்?"

மூடி அண்ணன் என்னைப் பார்த்தார். "இன்னும் பேரு முடிவாகல ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினார்.

பெயருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? என் தலையணையைக் காட்டிக்கொடுக்காமல் போகிறார் என்று விளங்கவே எனக்குச் சற்று நேரம் பிடித்தது. படிக்கட்டுக்கு ஓடினேன். "ஆன்ட்டி, என் தலகாணிதான்! அவரு ஒண்ணுமே பண்ணல!"

"தலகாணியா இருமுது?" என்றார் ஆன்ட்டி, குழப்பத்தோடு.

பெட்டி அறைக்குத் திரும்பியது. தலையணையை பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுகக் கட்டி மூடி அண்ணன் எடுத்துப்போனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாயங்காலம் புதுத் தலையணையோடு வந்தார். உறை மட்டும் அம்மா தைத்ததே, வெந்நீரில் அலசி இஸ்திரி போட்டது. இரண்டு வாரத்தில் இருமல் நின்றது.

இப்போது நான் கொஞ்சம் தள்ளி ஹெப்பகோடியில் இருக்கிறேன். போன வாரம் அவரிடமிருந்து வாட்ஸ்அப்: 'தம்பி, உன் தலகாணிப் பூஞ்சைக்கும் பேரு மாத்திட்டாங்க. குடும்பமே வேறயாம்.'

இரண்டு தடவை படித்தேன். ஒன்றும் புரியவில்லை. 'சாப்ட்டீங்களாண்ணா?' என்று பதில் போட்டேன்.