அம்மனை முந்திக்கொண்ட சீன பிஸ்கட்

தியாகராய நகர், சென்னை
ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை மதியம், கடையிலிருந்து

மதிப்பிற்குரிய தனபாலன் அத்தான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் முத்துகிருஷ்ணன் வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நான், பேச்சியம்மாள், மகள் தீபிகா மூவரும் உடம்பளவில் சுகம். திசையன்விளையில் நீங்களும் அக்காவும் தோட்டத்து முருங்கையும் சுகமாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். பேனா பிடித்துக் கடிதம் எழுதிப் பல வருடம் ஆகிவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். நீங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறிவிட்டீர்கள், என் போனையும் எடுப்பதில்லை, அக்காவிடம் கேட்டால் "அவுக வயல்ல இருக்காவ" என்கிறார்கள். திசையன்விளையில் இந்த வெயிலில் இத்தனை நாளாக ஒருவர் வயலில் நிற்க முடியாது என்பது எனக்கும் தெரியும் அத்தான். ஆகவே தபால்.

வெளியேறும் முன் நீங்கள் போட்ட கடைசிச் செய்தியை இன்னும் வைத்திருக்கிறேன். "சீனாக்காரன் சீட்டு சொன்ன பிறகு எங்க அம்மனுக்கு என்ன வேலை? தாய்மாமனுக்குத்தான் என்ன வேலை? நிச்சயத்துக்கு நான் வரவில்லை." இதைப் படித்ததும் பேச்சி அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தவள்தான். அண்ணன் வராமல் நிச்சயதார்த்தம் இல்லை என்று ஒரே பிடியாக நிற்கிறாள். மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வது என்று தெரியாமல் நான் முழிக்கிறேன். நடந்தது வேறு, நீங்கள் அந்த வீடியோவில் பார்த்தது வேறு. பொறுமையாகப் படியுங்கள்.

பையனைப் பற்றிச் சித்திரையிலேயே உங்களிடம் சொன்னேன். பெயர் டில்லிபாபு, தரமணியில் தீபிகாவின் ஆபீஸிலேயே வேலை, அவளே தேர்ந்தெடுத்தது. அப்பா வடிவேலு மாநகரப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆற்றோரம் குடியிருந்து, அங்கிருந்து கிளப்பிவிடப்பட்டு, இப்போது மகன் சம்பாத்தியத்தில் வேளச்சேரியில் வாடகைக்கு இருக்கிறார்கள். நம் ஊர் இல்லை, நம் ஆட்களும் இல்லை. அப்போது நீங்கள் ஒரு வார்த்தைதான் சொன்னீர்கள். "ரெண்டு வீடும் ஒருக்கா பாத்துக்கிடுங்க. பொறவு நான் பூக்கட்டிப் பாக்கேன். அம்மன் சொல்லட்டும்." பொட்டலம் இரண்டு கட்டி, ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ வைத்து, சன்னிதியில் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்லி, வெள்ளை வந்தால் சம்பந்தம் என்பது தாய்மாமன் செய்ய வேண்டிய காரியம். அதை யாரும் பிடுங்கவில்லை.

ஆனால் பார்த்துக்கொள்வது எங்கே? அவர்கள் முதலில் நம் வீட்டுக்கு வந்தால் பெண் கேட்டு வந்ததாக ஆகிவிடும், பூ விழுமுன் அது கூடாது. நாங்கள் வேளச்சேரிக்குப் போனால் பெண்ணைக் கொண்டுபோய் நிறுத்தியதாக ஆகிவிடும். கடைக்கு வரச் சொல்லலாம், துணி வாங்க வந்த மாதிரி வந்து பார்க்கட்டும் என்றேன். தீபிகா, "வந்து பாத்துப் புடிச்சா எடுத்துக்கிட, நான் என்ன ப்ளவுஸ் பிட்டாப்பா?" என்றாள். முப்பது வருடமாக மேட்சிங் சென்டர் நடத்துகிறவன், அந்த யோசனையை அப்படியே மடித்து வைத்துவிட்டேன். கடைசியில் அடையாறில் ஒரு சீன ஓட்டல் என்று முடிவானது. இரண்டு வீட்டுக்கும் பொது இடம், யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், தி. நகரில் கால் வைக்க இடமில்லாத நேரத்தில், கடையைக் கணக்குப்பிள்ளை சுப்பராமனிடம் விட்டுவிட்டுப் போனேன். என் மகளை நான் எவ்வளவு நினைக்கிறேன் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

போனால் தனி அறை, நடுவில் ஒரு வட்ட மேசை. மேசை மேல் இன்னொரு கண்ணாடி வட்டம், அது சுற்றுகிறது! பதார்த்தத்தை அதில் வைத்துவிடுவார்கள், வேண்டியவர் சுற்றித் தன் பக்கம் இழுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். சீனர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறார்கள், ஆனால் சம்பந்தம் பேசப் போகிறவர்களை மனதில் வைத்துச் செய்யவில்லை. ஃப்ரைட் ரைஸ் வந்தது. விருந்தாளி முதலில் எடுக்க வேண்டும் என்பது முறை. யார் வீடும் இல்லாததால் யார் விருந்தாளி என்று தெரியவில்லை. நான் மரியாதைக்கு மேசையை அவர்கள் பக்கம் சுற்றினேன். வடிவேலு, "இன்னா சார், பொண்ணு ஊட்டுக்காரங்க கை வெக்காம நாங்க எப்டி வெக்கிறது?" என்று என் பக்கம் சுற்றினார். பேச்சி அவர் மனைவி தேவானையிடம் தள்ளினாள். தேவானை பேச்சியிடம் தள்ளினார். சோறு எங்கள் முன்னால் வந்து முகம் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. அடுத்து நூடுல்ஸும் வந்து அதே வட்டத்தில் ஏறிச் சுற்ற ஆரம்பித்தது. தீபிகா தலையில் கை வைத்துக்கொண்டாள். எல்லோருக்கும் நல்ல பசி. கடைசியில் தேவானை உள்ளங்கையை வைத்து மேசையை நிறுத்தினார். "அட நில்லுங்கப்பா, கோயில் தேரே இந்நேரம் நெலைக்கு வந்துருக்கும்!" என்று சொல்லி, எழுந்து வந்து பேச்சியின் தட்டில் தன் கையால் பரிமாறினார். பேச்சி உடனே எழுந்து அவருக்குப் பரிமாறினாள். அத்தான், எனக்கு அப்போதே நெஞ்சுக்குள் பாதி பாரம் இறங்கிவிட்டது.

மீதிப் பாரத்தை இறக்கியது சாப்பாடு. நான் பயந்துகொண்டுதான் போனேன், மறைக்கவில்லை. பாம்பு தின்றோம் என்று உங்களிடம் யாரோ சொன்னார்களாமே, அது நூடுல்ஸ், சுத்தமான மாவு. தீபிகா குழுவில் போட்ட சாப்பாட்டுப் போட்டோவைப் பெரிதுபடுத்திப் பார்த்தால் இடியாப்பம்கூட அப்படித்தான் தெரியும். அந்தச் சோற்றுக்கு முன்பே ஆளுக்கொரு சூப் வந்திருந்தது, காரமும் புளிப்புமாக மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வரவைத்தது. பத்து நாள் சளி அங்கேயே விடைபெற்றது. பேச்சி மெதுவாக, "கொஞ்சம் வெறுஞ்சோறு கெடைச்சா பெசைஞ்சிருக்கலாம்" என்றாள். கோபி மஞ்சூரியன் என்று ஒன்று, மெரூனுக்கும் செங்கல் நிறத்துக்கும் நடுவில் ஒரு ஷேட். அந்த ஷேடில் லைனிங் துணி தேடி நான் சூரத் வரைக்கும் ஆள் அனுப்பியிருக்கிறேன், கிடைத்ததில்லை. காலிஃப்ளவரை நம் வீட்டில் சீந்தமாட்டேன், அங்கே இரண்டாவது தட்டு கேட்டேன். பிறகு பொரித்த நூடுல்ஸ் மேல் இனிப்பும் புளிப்புமாகக் குழம்பை ஊற்றி, அதன் தலையில் ஒரு முட்டையைக் கவிழ்த்துக் கொண்டுவந்தார்கள். பெயர் அமெரிக்கன் சாப்சுயி. சீனா ஓட்டலில் அமெரிக்காவுக்கு என்ன வேலை என்று கேட்டேன். வடிவேலு வாயில் நூடுல்ஸோடு, "அட்ச்சிக்கினே ஒண்ணா குந்தித் துன்றாங்க போல சார்!" என்றார். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையில் எட்டிப் பார்த்தார்கள். சாப்பாட்டை ரசிக்கத் தெரிந்த மனுஷன் அத்தான். பஸ் ஓட்டிய காலத்தில் ஷிப்ட் முடிந்ததும் நந்தனத்தில் ஒரு தள்ளுவண்டியில் ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்டுத்தான் வீட்டுக்குப் போவாராம்.

இப்போது நீங்கள் கோபப்பட்ட இடத்துக்கு வருகிறேன். எல்லாம் முடிந்ததும் ஒரு தட்டில் மடித்த வெற்றிலை மாதிரி ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொண்டுவந்து வைத்தார்கள். சாப்பாடு முடிந்து வெற்றிலை வடிவத்தில் ஒன்று வந்தால் அது என்ன? பீடா என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். முழுதாக வாயில் போட்டேன். மொறுமொறுவென்று இனிப்பாகத்தான் இருந்தது. நடுவில் ஏதோ சவ்வு மாதிரி சிக்கியது. சம்பந்தி ஆகப்போகிறவர் முன்னால் துப்ப முடியுமா? தண்ணீரைக் குடித்து விழுங்கிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் மற்றவர்கள் அதை உடைத்து உள்ளேயிருந்து ஆளுக்கு ஒரு காகிதத் துண்டை எடுத்து வைத்திருக்கிறார்கள். அவரவர் பலன் அதில் அச்சடித்திருக்கும், விளையாட்டுக்குத்தான் என்றாள் தீபிகா. "அப்பா, ஒங்க சீட்டு எங்க?" என்று கேட்டாள். நான் வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். வடிவேலு என் தோளில் கை போட்டார். "ஒண்ணியும் கவலப்படாதீங்க சம்மந்தி. ஒங்க விதி ஒங்க கைலயே கீது, இன்னா, கொஞ்சம் உள்ள தள்ளி கீது." அதுவரைக்கும் என்னை சார் என்று கூப்பிட்டவர் அத்தான். சம்மந்தி என்று அப்போதுதான் முதல் தடவையாக வாயில் வந்தது.

பேச்சி மட்டும் பிஸ்கட்டை உடைக்கவில்லை. இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துக் கண்ணை மூடியிருந்தாள். உதடு முணுமுணுத்தது. அவள் என்ன செய்கிறாள் என்பது எனக்குப் புரிவதற்குள் உடைத்துவிட்டாள். தீபிகா இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னாள், "நீங்கள் தேடுவது உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது." பேச்சி திரும்பிப் பார்த்தாள். அவள் பக்கத்து நாற்காலியில் டில்லிபாபு. குடைமிளகாய் தனக்கு ஆகாது என்று அவள் சூப் குடிக்கும்போது ஒருமுறை சொன்னதைக் கேட்டு வைத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே, அவளுக்குப் பரிமாறிய கிண்ணத்திலிருந்து குடைமிளகாயைப் பொறுக்கித் தன் தட்டில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். தட்டோரம் பச்சையும் மஞ்சளுமாகக் குவிந்து கிடந்தது. பேச்சிக்குக் கண் கலங்கியது. "அம்மன் சொல்லிட்டா" என்றாள். அடுத்த நொடி வாயில் கையை வைத்துக் குலவை போட்டாள். நம் ஊர்க் கொடைவிழாவில் போடுகிற முழுக் குலவை, அடையாறு சீன ஓட்டலில், ஏசி அறையில்! மேனேஜர் யாருக்கோ தொண்டையில் எறா சிக்கிவிட்டது என்று நினைத்து ஓடி வந்தார். தேவானைக்குக் குலவை தெரியாது, இருந்தாலும் சம்பந்தி போடும்போது சும்மா இருக்கக் கூடாது என்று அவரும் ஏதோ சத்தம் கொடுத்தார். தீபிகா இதைத்தான் வீடியோ எடுத்தாள். அதைத்தான் "அம்மாவுக்கு உத்தரவு கிடைச்சாச்சு" என்று எழுதி, அந்தச் சீட்டின் போட்டோவோடு குழுவில் போட்டாள். அதைத்தான் நீங்கள் பார்த்தீர்கள்.

அத்தான், உங்கள் தங்கை சீனாக்காரனைக் கும்பிடவில்லை. நம் அம்மனை நினைத்துத்தான் உடைத்தாள். ஒரு தாய்க்கு மனசு ஒரு பதிலுக்கு ஏங்கிக் கிடந்தது, கையில் அகப்பட்டது பிஸ்கட். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அந்த உத்தரவு செல்லாது என்று வீட்டில் நான் தெளிவாகச் சொல்லிவிட்டேன். எனக்கு அந்த ஓட்டலைப் பிடித்தது உண்மை. போன வாரம் சம்பந்தியோடு நந்தனம் தள்ளுவண்டிக்குப் போய் நின்றபடி ஒரு முழுத் தட்டு சாப்பிட்டதும் உண்மை. இந்த மாப்பிள்ளை அமைந்தால் எனக்குச் சந்தோஷம் என்பதும் உண்மை. ஆனால் முடிவு அம்மனுடையது, பூக்கட்டுவது உங்களுடையது. வெள்ளை வந்தால் ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் நிச்சயம் வைப்போம். ஐப்பசி மழைக்குத் தள்ளினால் வேளச்சேரியிலிருந்து படகில்தான் வர வேண்டும் என்கிறார் சம்பந்தி. சிவப்பு வந்தால் நானே நேரில் போய், மன்னித்துக்கொள்ளுங்கள், எங்கள் அம்மன் உத்தரவு கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டு வருவேன். இதில் மறுபேச்சு கிடையாது. இது என் மேல் சத்தியம்.

நீங்கள் வந்து நின்றால்தான் பேச்சி முகத்தில் சிரிப்பு வரும், அவள் சிரித்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. தோட்டம் காய்த்துக் கொழிக்கட்டும், உங்கள் கோபம் மட்டும் இந்த வருடம் காய்க்காமல் போகட்டும்.

என்றும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
முத்துகிருஷ்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் பேச்சி சாப்பாடு கொண்டு கடைக்கு வந்தாள், கடிதத்தை வாங்கிப் படித்தாள். சத்தியம் செய்த இடத்துக்கு வந்ததும், நீங்கள் குழுவை விட்டுப் போன நாளிலிருந்து சிரிக்காதவள், பீரோ பீரோவாக அடுக்கியிருக்கும் துணிக்கு நடுவில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "செவப்பு வந்தா நீங்க போயி வேண்டாம்னு சொல்லிருவியளோ? பொண்ணு மொகத்த அப்பொறம் எப்படிப் பாப்பிய?" என்றாள். அம்மன் உத்தரவு என்றால் உத்தரவுதானே, தாய்மாமன் இல்லாத உனக்கு அத்தான் கட்டியபோது நமக்கும் அப்படித்தானே வெள்ளை வந்தது என்றேன். "ஒங்களப் புடிச்சிருக்குன்னு நான் அண்ணன்ட்ட சொன்னேன். அண்ணன் ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளை நந்தியாவட்டையத்தான் வச்சுக் கெட்டுனாவ" என்று சொல்லிவிட்டு டிபன் கேரியரைத் திறந்து வைத்தாள். அத்தான், அம்மனே தேர்ந்தெடுத்த மாப்பிள்ளை என்று இத்தனை காலம் உங்கள் ஊர்த் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்திருக்கிறேன். ஆகவே மேலே எழுதிய சத்தியத்தை அடித்துவிட்டுப் படிக்கவும். எனக்குக் கட்டிய மாதிரியே என் மாப்பிள்ளைக்கும் கட்டிவிடுங்கள்.