சான்றிதழ் வந்த படிக்கட்டு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்குப் பிறகு அதற்கு இணையான ஒரு நாள் உண்டென்றால், அது அந்த மருத்துவமனையில் பாலூட்டும் அறை திறக்கப்பட்ட நாள்தான். அந்த வரலாற்றுத் தருணத்தில் உடனிருந்தோர்: ஆய்வுக் குழுவினர் ஐவர், நிர்வாக அதிகாரி, பிரசவ வார்டு நர்ஸம்மா, புகைப்படக்காரர், செயல்விளக்கத்துக்கென வாங்கிய பிளாஸ்டிக் குழந்தை ஒன்று, பிறந்து இரண்டு நாளான நிஜக் குழந்தை ஒன்று, அதன் தாய், தாயின் மாமனார். கடைசி மூவருக்கும் அழைப்பு இல்லை.

மாமனார் நில அளவைத் துறையில் முப்பத்தாறு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அளவுகோலை விழுங்கியவர்போல நிமிர்ந்துதான் உட்காருவார். மனைவிக்கு முழங்கால் வலி, மகனுக்கு வெளியூர் வேலை. ஆகவே பிரசவ வார்டு வாசல் பெஞ்சில் காவல் இருக்கும் பொறுப்பு அவருடையதாயிற்று.

அந்த பெஞ்சிலிருந்து பார்த்தால் பதினொரு சுவரொட்டிகள் தெரியும். ‘பசித்தபோதெல்லாம் பால் கொடு’ என்றது ஒன்று. ‘கேட்கும் முன்னே கொடு’ என்றது இன்னொன்று. படிக்கட்டின் மேலே ‘தாய்க்குத் துணை நிற்போம்’ என்று ஒரு துணிப் பதாகை. மாமனாருக்குப் பரம திருப்தி. கொள்கையைச் சுவரில் எழுதி வைக்கும் அலுவலகத்தில்தான் ஒழுங்கு இருக்கும் என்பது அவருடைய அனுபவம்.

பதினொரு மணிக்கு வார்டுக்குள்ளிருந்து வந்த அழுகை பதினொரு சுவரொட்டிகளையும் அதிர வைத்தது. சந்தேகமே இல்லை, அவருடைய பேரன். அந்த வம்சத்துத் தொண்டை மூன்று கட்டடம் தாண்டிக் கேட்கும்.

“என்னம்மா, புள்ள இப்படிக் கத்துறான்?” என்று நர்ஸம்மாவை நிறுத்திக் கேட்டார்.

“பசி பெரியவரே.”

“பசின்னா அவங்கம்மா பால் கொடுக்க வேண்டியதுதானே?”

“இன்னிக்குக் கொடுக்கக் கூடாது. இன்னிக்குத் தாய்ப்பால் நாள்.”

மாமனார் காதைக் குடைந்துகொண்டார். நர்ஸம்மா கையிலிருந்த சுற்றறிக்கையை நீட்டினாள். ‘இன்று காலை ஆறு மணி முதல் தாய்மார்கள் புதிய பாலூட்டும் அறையில் மட்டுமே பாலூட்ட வேண்டும். வார்டில் ஊட்டினால், அறை தேவையில்லை என்று ஆய்வுக் குழு கருதிவிடக்கூடும்.’

“சரி, அந்த அறைக்கே கூட்டிட்டுப் போங்க.”

“அது பூட்டியிருக்கு. குழு வந்து ரிப்பன் வெட்டினாத்தான் திறப்பாங்க.”

“எப்ப வருவாங்க?”

“பத்து மணிக்கு.”

“பதினொண்ணு அடிச்சாச்சே!”

“அவங்க வந்தாத்தான் பெரியவரே இங்க பத்து மணி.”

மாமனார் குரலைத் தாழ்த்தினார். “நேத்து ஏதோ புட்டிப்பால் கொடுத்தீங்களாமே…”

“அய்யோ, மெதுவா!” நர்ஸம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். “புட்டியே புழங்காத ஆஸ்பத்திரின்னுதான் இன்னிக்குச் சான்றிதழே. புட்டி, பவுடர் டப்பா எல்லாத்தையும் மூட்டை கட்டி ஒளிச்சாச்சு.”

“எங்க?”

“பாலூட்டும் அறை அலமாரியில. பூட்டு நல்லா இருக்கிற ரூம் அது ஒண்ணுதானே!”

மாமனார் நிர்வாக அதிகாரியிடம் போனார். அதிகாரி பிளாஸ்டிக் குழந்தைக்குக் குல்லாய் மாட்டிக்கொண்டிருந்தார்.

“சார், என் பேரன் காலை அஞ்சரைக்குக் குடிச்சதுதான். அந்த ரூமைக் கொஞ்சம் திறந்தா…”

“இப்பத்தான் தரையத் துடைச்சிருக்கு. வெள்ளைத் தரை. ஒருத்தருக்குத் திறந்தா எல்லாத் தாய்மாரும் பால் கொடுக்க வந்துடுவாங்க.”

“குழந்தை அழுது சார்.”

“அழட்டும். குழு வரும்போது ஒரு நிஜ அழுகை இருந்தா சூழ்நிலைக்கு எடுப்பா இருக்கும்.”

மேலதிகாரியிடம் குரலை உயர்த்தி மாமனாருக்குப் பழக்கமில்லை. விதி என்றால் விதி என்று தமக்கே சொல்லிக்கொண்டு பெஞ்சுக்குத் திரும்பினார். அங்கே மருமகள் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை தையல் போட்ட வயிற்றில், மறு கையில் குழந்தை. அவளுடைய மேல்துணி நனைந்திருந்ததைப் பார்த்துவிட்டு, மாமனார் சட்டென்று மேற்கூரையைப் பார்த்தார்.

“மாமா, நான் படிக்கட்டுல உட்கார்ந்து கொடுக்கப் போறேன்.”

“படிக்கட்டுலயா! நம்ம வீட்டுப் பொண்ணு, போறவன் வர்றவன் நடக்கிற இடத்துலயா?”

“வார்டுல கூடாது. அறை பூட்டு. படிக்கட்டைப் பத்தி அந்தக் காகிதத்துல ஒண்ணும் இல்ல. ரெண்டு தடவை படிச்சுட்டேன்.”

“நாலு பேர் என்னம்மா சொல்லுவாங்க?”

“இவ்வளவு நேரம் இவன் அழுதது அந்த நாலு பேருக்கும் கேட்டுச்சே மாமா. அவங்க என்ன சொன்னாங்க?”

மாமனார் பேரன் பக்கம் குனிந்தார். அப்போதுதான் கவனித்தார்: பேரன் கத்தவில்லை. முனகினான். மூன்று கட்டடம் தாண்டும் தொண்டை பூனைக்குட்டித் தொண்டையாகச் சுருங்கியிருந்தது.

நான்கு தலைமுறைக் குடும்ப கௌரவம் ஒரு கணம் தள்ளாடியது. மறுகணம் மாமனார் பெஞ்சைப் படிக்கட்டருகே இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறினார். பதாகையைக் கண்ணாலேயே அளந்தார்: ஐந்தடிக்கு மூன்றடி. போதும். ஆணியோடு பிடுங்கினார்.

மருமகள் ஏழாவது படியில் உட்கார்ந்தாள். ஆறாவது படியில், அவளுக்கு முதுகு காட்டி, இரு கைகளையும் விரித்துப் பதாகையைப் பிடித்தபடி மாமனார் நின்றார். பின்னாலிருந்து ‘மொடக், மொடக்’ என்று சத்தம் கேட்டது. அவருடைய மீசை லேசாகத் துடித்தது. மற்றபடி அசைவில்லை.

குழுவுக்கு அப்போதுதான் பத்து மணி ஆயிற்று. ஐவரும் படியேறி வந்தார்கள். ‘தாய்க்குத் துணை நிற்போம்’ என்ற எழுத்துக்கு மேலே ஒரு நரைத்த தலை.

“பிரமாதம்! இது யாரோட யோசனை?” என்றார் குழுத் தலைவர்.

குழுவின் பின்னால் வந்த நிர்வாக அதிகாரி முந்திக்கொண்டார். “நம்ம… நம்ம ஏற்பாடுதான் சார். உயிருள்ள கண்காட்சி.”

“பெரியவர் யாரு? தொண்டரா?”

“மாமனார்” என்றார் மாமனார்.

“கொஞ்சம் சிரிங்க” என்றார் புகைப்படக்காரர்.

“வேலை நேரத்துல சிரிக்கிறதில்ல.”

“பின்னாடி என்ன வெச்சிருக்கீங்கன்னு பார்க்கலாமா?” என்று தலைவர் எட்டினார்.

“எட்டிப் பார்த்தா, தலைவர்னு பார்க்க மாட்டேன்.”

தலைவர் அதையும் பாராட்டிக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, சுவரோரமாக ஒதுங்கி மேலே போனார். ரிப்பன் வெட்டப்பட்டது. வெள்ளைத் தரை பாராட்டப்பட்டது. பிளாஸ்டிக் குழந்தை பால் குடிக்கும் கோணம் மிகச் சரியாக இருப்பதாக ஐவரும் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். சான்றிதழ் கிடைத்தது. பதாகை பிடித்த மாமனாரின் படத்தோடு அது இன்றும் வரவேற்பறையில் தொங்குகிறது. ‘எங்கள் மருத்துவமனையின் சிறப்பு ஏற்பாடு’ என்று கீழே எழுதியிருக்கிறது. பாலூட்டும் அறை, அடுத்த ஆய்வு வரை அழுக்காகாமல் இருக்க, மறுபடி பூட்டப்பட்டது.

அந்த அறையில் முதன்முதலில் பால் குடித்தது அந்தக் குடும்பத்து வாரிசுதான் என்று வெளியில் ஒரு பேச்சு உலவுகிறது. தவறு. அவன் குடித்தது படிக்கட்டில், ஏழாவது படியில். அறையில் முதலில் குடித்தவர்கள் ஆய்வுக் குழுவினர் ஐவர். குடித்தது தேநீர். பாலுக்கு, அலமாரியிலிருந்த பவுடர் டப்பாவைத் திறந்தார்கள்.