ஜன்னல் வழியாக வந்த கதாநாயகன்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. நான் சுகம், வீடுதான் சுகமில்லை. உன் அம்மாவிடம், அண்ணன் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறான் என்று சொல்லிவை.

"ஒரு தூசி படாது மாமா" என்று நீ சொன்னதை நம்பித்தான் உங்கள் சினிமாவுக்கு வீட்டைக் கொடுத்தேன். தூசி படவில்லை, உண்மைதான். இருந்ததையும் துடைத்துக்கொண்டு போய்விட்டீர்கள். வருங்காலத்தில் உலகமே சுத்தமாகிவிடுமாம், தும்மினால் சிறையாம், ஒருவரை ஒருவர் தொட்டால் தண்டனையாம், அதற்காக என் வீடு முழுக்க வெள்ளையடித்தார்கள். உன் அத்தை சுவரில் தலைசாய்த்து உட்கார்ந்த இடத்தில் எண்ணெய்க் கறை ஒன்று இருந்ததே, அதையும் விடவில்லை. அவள் போனதிலிருந்து அந்தக் கறைக்குத்தான் காலையில் செய்தித்தாள் படித்துக்காட்டுவேன். இப்போது இடம் தெரியாமல் சுவர் முழுவதற்கும் படிக்கிறேன்.

அப்புறம் உங்கள் கதாநாயகன். சேற்றுக்காலோடு ஜன்னலை உடைத்துக்கொண்டு குதிக்கிறான். "கதவு தொறந்துதானே இருக்கு தம்பி?" என்றேன். "கதவு வழியா வந்தா எவன் சார் கைதட்டுவான்?" என்கிறான்! உங்கள் டைரக்டர் என்னையும் விடவில்லை. "பெரியவரே, நம்ம கதை நடக்கிற காலத்துல யாரும் யாரோடயும் பேசமாட்டாங்க. சும்மா சுவத்தப் பாத்து உக்காருங்க, போதும்" என்றார். உட்கார்ந்தேன். ஒரே டேக்கில் ஓகே. இவ்வளவு இயல்பாக எவரும் நடித்ததில்லை என்று எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு எத்தனை நாள் ஒத்திகை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கடைசிக் காட்சிதான் கழுத்தறுப்பு. ரோபோ போலீஸையெல்லாம் அடித்துப்போட்டுவிட்டு அவன் என்னைக் கட்டிப்பிடிப்பான், மனிதத் தொடுகையே அறியாத நான் மரம்போல நிற்க வேண்டும். என் கை சும்மா இருந்தால்தானே! அவன் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டது. "கட்!" மறுபடி. மறுபடியும் அதே கதை. டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். பொழுது சாய்கிற வரை அந்தத் தடியன் கட்டிப்பிடித்ததில் விலா எலும்பெல்லாம் வலி.

ஆகவே, உடனே ஆளனுப்பி ஜன்னலுக்குக் கண்ணாடி போடு. இனி சினிமாக்காரன் எவனும் இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. மற்றபடி, சீக்கிரமே உனக்குக் கல்யாணமாகி, உன் வீட்டுச் சுவரிலும் கறை படிய வாழ்த்தும்,

மாமா.

பி.கு.: இரண்டாம் பாகம் எடுப்பதாகப் பேச்சு அடிபடுகிறதாமே. வீடு காலியாகத்தான் இருக்கிறது. நான் இருக்கிறேன், இருந்தாலும் காலிதான். கண்ணாடி போட வேண்டாம், அந்தப் பையன் காலில் குத்திவிடப் போகிறது.