முறத்துக்கு இன்னொரு முகம்

"நீங்க கேட்கவே இல்ல. நான் எதுவும் சொல்லவும் இல்ல. போயிட்டு வாங்க," என்றார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கலியாட்டி, கதவைப் பாதி சாத்தியபடி.

"ஒரு பேச்சுக்குத்தான் சார். பெரியவருக்கு முடியாமப் போனா மட்டும்..."

"மனுசன் உசிரோட இருக்கும்போதே அவர் இடத்துக்கு ஆள் தேடறீங்களா? சாவு விழாம குழி வெட்டினா, குழியே ஆளைத் தேடும். உங்க வீட்டுல யாரும் சொல்லித் தரலையா?"

மீதிக் கதவும் சாத்திக்கொண்டது. முறக் கட்சியின் செயலாளர் லாமெக் தம்புலா வெயிலில் நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாம் சனிக்கிழமை வந்த வினை. சலிமா மைதானத்தில் கட்சியின் அதிபர் வேட்பாளர், பெரியவர் பினியேல் கச்சிங்வே பேசிக்கொண்டிருந்தவர், திடீரென்று நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். அப்புறம் பக்கவாட்டில் சரிந்து, பாட்டுக்குழுப் பெண்களின் மடியில் விழுந்தார். விழுந்ததிலும் ஒரு கம்பீரம் இருந்தது என்று லாமெக் அழுதுகொண்டே எல்லோரிடமும் சொன்னார்.

வேட்புமனு கொடுக்க அடுத்த வெள்ளிதான் கடைசி. அன்றைக்குப் பெரியவரால் எழுந்து நிற்க முடியாவிட்டால் வாக்குச்சீட்டில் முறம் சின்னமே இருக்காது. "சத்தமில்லாம ஒரு மாற்று ஆளைப் பிடிச்சு வை," என்று செயற்குழு லாமெக்கின் தலையில் கட்டிவிட்டது. ஆனால் பதவிக்கு ஆசைப்படுகிறவனாக இருக்கக்கூடாதாம். ஆசைப்படுகிறவனை நம்ப முடியாது. ஆசைப்படாதவன் சம்மதிக்க மாட்டான். இதுதான் சிக்கல்.

லாமெக்குக்கு இந்த வேலையே கசந்தது. இருபது வருஷமாகப் பெரியவருக்கு முன்னால் ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் அவர். 'வயசாயிடுச்சு, என்னை விட்டுடுங்கப்பா' என்று பெரியவர் இரண்டு முறை கூட்டத்தில் சொன்னபோது, காலைப் பிடித்துக்கொண்டு அழுதவர்களில் லாமெக்கின் குரல்தான் உரக்கக் கேட்டது. அவர் இல்லாத கட்சியை லாமெக்கால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மறுநாள் காலையில் கலியாட்டி ஒரு கோழியோடு பெரியவர் வீட்டில் ஆஜர். தனக்கு எந்த ஆசையும் இல்லை என்று கட்டில் காலைத் தொட்டுச் சத்தியம் செய்தார். அடுத்துக் கேட்கப்பட்ட வக்கீலம்மா சிபாலே அன்று மாலையே ஓர் ஆட்டுக்குட்டியோடு வந்து அதே சத்தியத்தைச் செய்தாள்.

"இன்னும் நாலு பேர்கிட்ட கேளுங்க தம்பி. பண்ணையே வெச்சிடலாம்," என்றாள் பெரியவரின் மனைவி எலுபி, ஆட்டைக் கொய்யா மரத்தில் கட்டியபடி.

விஷயம் பெரியவர் காதுக்குப் போய்விட்டது. லாமெக் உள்ளே போய்க் கட்டில் ஓரம் நின்றார்.

பெரியவர் திட்டவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே, "இந்த மக்வின்ஜா இருக்கானே, அவன் லாரியில ஒரு மீன்கூட அழுகாது. கவனிச்சிருக்கியா லாமெக்?" என்றார்.

நோயாளிக்கு மீன் ஆசை போலும் என்று லாமெக் எலுபியிடம் சொல்லிவிட்டு வந்தார். பாதி வழியில்தான் உறைத்தது, அது மீனைப் பற்றிய பேச்சில்லை.

கருவாட்டு வியாபாரி கிரெஷாம் மக்வின்ஜா சின்ன வயசு, நேர்மையானவன், கணக்கு தெரிந்தவன். லாமெக் சுற்றி வளைத்துக் கேட்டதும் தராசிலிருந்த கருவாட்டை இறக்கி வைத்தான்.

"பெரியவருக்கு முடியலைன்னா மட்டும்தானே அண்ணே? அப்படின்னா சரி."

லாமெக் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார். அந்த நிம்மதி ஒரு நாள்கூட நிலைக்கவில்லை.

மறுநாள் சந்தைக்குப் போனால், தக்காளி விற்கிற பெண்களின் இடுப்பில் புத்தம்புதுச் சித்தெஞ்சே சுற்றுத்துணி. எப்போதும் பெரியவர் முகம் சிரிக்கிற அந்தத் துணியில் இப்போது மக்வின்ஜா சிரித்துக்கொண்டிருந்தான்.

"இது யார் கொடுத்தது?"

"கட்சியிலேர்ந்து மூட்டையா வந்துச்சு. நல்லா இல்லையா?" என்று ஒருத்தி திரும்பி நின்று காட்டினாள்.

லாமெக் மீன் கிடங்குக்கு ஓடினார். "அதுக்குள்ள மூஞ்சியை அச்சடிச்சுட்டியா? இதுதான் உன் நேர்மையா?"

"நீங்கதான் அனுப்பினீங்கன்னு நெனச்சேன் அண்ணே," என்றான் மக்வின்ஜா. நிஜமாகவே திகைத்தவன் போலத்தான் இருந்தான். காசு இருந்தால் துணி ஆலை ராத்திரியிலும் ஓடும், முகத்திலும் திகைப்பு வரும் என்று லாமெக் நினைத்துக்கொண்டார்.

பெரியவர் பார்த்தால் நெஞ்சு உடைந்துவிடும். லாமெக் சந்தைக்குத் திரும்பி, "அம்மாமார்களே, அந்த முகமும் வேண்டாம், இந்த முகமும் வேண்டாம். ரெண்டையும் மடிச்சு வெச்சுட்டு, வெறும் துணி கட்டுங்க," என்று கெஞ்சினார்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் முகத்தை மடித்து வைக்கச் சொல்கிறார்கள். புது முகம் ஏற்கனவே தயார். இதற்கு என்ன அர்த்தம் என்று சந்தையில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு கிழவி கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒப்பாரியைத் தொடங்கினாள்.

லாமெக் மூச்சு வாங்கப் பெரியவர் வீட்டை எட்டும்போது, ஊர் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. பெண்கள் தலையில் மாவுக்கூடை, ஆண்கள் தோளில் விறகுக்கட்டு. தேவாலயப் பாட்டுக்குழு இரண்டாவது பாட்டில் இருந்தது. கலியாட்டி சார் குழி வெட்டுகிறவர்களிடம் நீளம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஐயா, எழுந்திருங்க. வாசல்ல வந்து ஒரு தடவை முகத்தைக் காட்டுங்க போதும்."

"அழுதுட்டாங்கல்ல லாமெக்? அப்படியே விட்டுடேன்," என்றார் பெரியவர். குரலில் கெஞ்சல் இருந்தது. நோயின் சோர்வு என்று லாமெக் எண்ணினார்.

"உங்களை எப்படி ஐயா விடுவேன்?" கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருக்குக் கோட்டை மாட்டி, கண்ணாடியைப் போட்டுவிட்டு, தோளோடு அணைத்து வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

பாட்டு பாதியில் நின்றது. இரண்டு பேர் விறகைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

பெரியவர் அந்தக் கூட்டத்தை வெகுநேரம் பார்த்தார். அவ்வளவு மாவையும், அவ்வளவு விறகையும், அழுது வீங்கிய முகங்களையும் பார்த்தார்.

"கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துட்டுப் போகாதீங்க. அடுப்பை மூட்டுங்க. என் சாவுச் சாப்பாட்டை நானும் உங்களோட உக்காந்து சாப்பிடறேன்."

அவ்வளவுதான் பேசினார். ஜனம் அழுதது, சிரித்தது, அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு கொய்யா மரத்தைச் சுற்றி ஆடியது. ஒரு மூட்டைக் கருவாட்டோடு துக்கத்துக்கு வந்திருந்த மக்வின்ஜா அதைப் போட்டுவிட்டு அவர் காலைப் பிடித்துக்கொண்டான். "எனக்கு வேண்டாம் ஐயா. நீங்க இருக்கும்போது நான் எதுக்கு?"

தோள்களுக்கு மேலே பெரியவர் லாமெக்கைத் தேடிப் பார்த்தார். அந்தப் பார்வை நன்றி என்றே லாமெக் எடுத்துக்கொண்டார். இருபது வருஷத்தில் அவருக்கு இவ்வளவு பெருமையான நாள் வந்ததில்லை.

பின்கட்டில் எலுபி பெரிய பானையில் ந்சிமாக் களி கிளறிக்கொண்டிருந்தாள். லாமெக் தட்டை நீட்டினார்.

"வெள்ளிக்கிழமை பெரியவரே மனு கொடுக்கறாரு அம்மா. இனிமே அவரை யாராலயும் அசைக்க முடியாது. ஆனா அந்தத் துணியை அச்சடிச்ச துரோகியை மட்டும் விடமாட்டேன். கண்டுபிடிச்சுக் கட்சியை விட்டே தூக்கிடறேன்."

எலுபி துடுப்பை நிறுத்தாமல் சொன்னாள்: "தூக்கிடுங்க தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், உங்க பெரியவர்தான் துணிக்குச் சொல்லி அனுப்பிட்டு, மைதானத்துல அடிபடாம விழறதுக்கு ஒரு வாரமா என் மெத்தையிலதான் பழகினாரு."